மரிக்காருக்குப் பிறகு

எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு ரீவி. தாத்தா கல்யாணம் முடித்துப் போனபின் நான்கு பேருக்கு ஒரு ரீவி. ரிமோட் யாருடைய கையில் இருக்கிறது என்று பார்த்தே மணி எத்தனை என்று சொல்லிவிடலாம். அஸர் தொழுதுவிட்டு உம்மா உட்காருவார். மஃரிபோடு பெட்டி அணைந்துவிடும். இஷாவுக்குப் பிறகு வாப்பாவின் செய்தி. அதற்கும் பிறகு நாநாவின் குதிரைகள்.

குதிரைகள் என்று நான் சொல்வது ‘எர்துருல்’ தொடரை. துருக்கியில் 2014 முதல் 2019 வரை ஐந்து பருவங்களாக ஓடிய தொடர். நாநா அதை முழுவதும் இரண்டு தடவை பார்த்து முடித்துவிட்டான். முதல் இரண்டு பருவங்கள் எனக்கும் பிடித்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரு துரோகி, ஒவ்வொரு துரோகிக்கும் ஒரு நச்சுப் போத்தல் என்று அலுத்துப் போனது. கதாநாயகனை விட அவனுடைய குதிரை நன்றாக நடிக்கிறது என்று ஒரு நாள் சொல்லி, நாநாவிடம் நன்றாக ஏச்சு வாங்கினேன். “நம்மட ஆளொருத்தன் ஜெயிக்கிறத ஒரு தரமாச்சும் பார்க்க வேணும்தானே” என்றான். அவன் சொன்னது அப்போது எனக்கு விளங்கவில்லை.

உம்மாவின் விருப்பம் வேறு. பட்டுச் சேலை கசங்காமல் மாமியார்கள் தூங்கி எழும் இந்தியத் தொடர்களை அவர் திட்டிக்கொண்டே பார்ப்பார். திட்டாமல் பார்த்தது ஒன்றே ஒன்று, தெரணவில் 2017இல் தொடங்கிய ‘தெவெனி இனிம’ என்ற சிங்களத் தொடர். பாடசாலை கிரிக்கெட் அணிப் பையன்களின் கதை. கிரிக்கெட்டில் ஓவர் என்றால் என்ன என்று தெரியாத உம்மா, அந்தப் பையன்களில் யாராவது ஆட்டமிழந்தால் சமையலறைக்குப் போய் கறியைக் கிண்டிவிட்டு வருவார்.

இப்படி எல்லோருக்கும் ஒவ்வொரு கட்சி இருக்கிறது. நான் எல்லாக் கட்சியிலும் இருக்கிறேன். உயர்தரப் பரீட்சையை வைத்துக்கொண்டு படம் பார்க்கிறாளே என்று இதை வாசிக்கும் பெற்றோர் நினைக்கலாம். நினைக்கட்டும். எனக்குப் படங்களின் மேல் ஒரு பெரிய முறைப்பாடு இருக்கிறது. அதைச் சொல்வதற்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து தொடங்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் உம்மம்மாவின் வீடு இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ். சின்ன வயதில் விடுமுறை முழுவதும் அங்கேதான். உம்மம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆனால் பார்த்த படம் ஒன்றையும் மறக்கவில்லை. அந்தக் காலத்தில் கொட்டாஞ்சேனை செல்லமஹால் தியேட்டருக்கு எந்தச் சாச்சி, எந்த மாமி, எந்தப் பிளாஸ்கில் பிளேன்டி என்பது வரைக்கும் சொல்வார். அவருக்குப் பிடித்த படம் ‘பாவமன்னிப்பு’. 1961இல் வந்தது. சிவாஜி அதில் ரஹீமாக வருவார். உம்மம்மா சிவாஜியை ‘ரஹீம்’ என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். வேறு எந்தப் படத்தில் வந்தாலும் “இந்தா, ரஹீம் வந்திட்டான்” என்பார். எம்.ஜி.ஆர். 1974இல் ‘சிரித்து வாழ வேண்டும்’ படத்தில் அப்துல் ரஹ்மானாக வந்ததற்காக, அதற்கு முன்னைய எல்லாப் படங்களையும் அவருக்கு மன்னித்துவிட்டார்.

நான் கொஞ்சம் வாய்க்காரி. “ரஹீம் கடைசியில வேற வீட்டுப் புள்ளதானே உம்மம்மா” என்று கேட்டேன். அந்தப் படத்தில் ரஹீம் ஒரு முஸ்லிம் பெரியவரிடம் வளரும் பிள்ளை. பிறந்த வீடு வேறு. உம்மம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “வளர்த்தது எங்கட ஆக்கள்தானே” என்றார்.

உம்மம்மாவின் உண்மையான கதாநாயகன் ஆனால் ரஹீமும் இல்லை, அப்துல் ரஹ்மானும் இல்லை. மரிக்கார்.

எழுபதுகளில் இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்றொரு தொடர் நாடகம் போனது. நான்கு பேர், நான்கு தமிழ். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். உபாலி சிங்களவர் பேசுகிற தமிழ் பேசுவார். ஐயர் பிராமணத் தமிழ் பேசுவார். மரிக்கார் எங்களுடைய தமிழ் பேசுவார். வானொலியில் வந்த வரவேற்பைப் பார்த்து 1976இல் அதே ஆட்களை வைத்து ‘கோமாளிகள்’ என்று படமும் எடுத்தார்கள். இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்களை விரல் விட்டு எண்ணலாம். அந்தச் சில படங்களில் மக்கள் சிரித்துக்கொண்டு பார்த்த படம் அது. மரிக்காராக நடித்தவரும் நாடகத்தை எழுதியவரும் எஸ். ராமதாஸ். அவர் முஸ்லிம் இல்லை. ஆனால் ‘மரிக்கார் ராமதாஸ்’ என்ற பெயர் கடைசி வரைக்கும் அவரோடு ஒட்டிக்கொண்டது. ஐயராக நடித்தவர் யார் என்று கேட்டால் சிரிப்பு வரும். பி.எச். அப்துல் ஹமீட்! பிறகு ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியை வானொலியிலிருந்து சென்னைத் தொலைக்காட்சி வரைக்கும் கொண்டுபோன அதே எங்கள் அப்துல் ஹமீட்.

நாடகம் தொடங்கும் நேரத்தில் ஒழுங்கையில் எல்லா வீட்டு வானொலியும் ஒன்றாகப் பேசுமாம். “மரிக்கார் வாய் தொறந்தா எங்கட வாப்பா பேசுற மாதிரியே ஈக்கும்” என்று உம்மம்மா சொல்வார். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து மாஸ்டர் அப்புக்குட்டிக்குச் சிரிப்பாராம். உம்மம்மா மரிக்காருக்குச் சிரிப்பாராம். இரண்டு பேரும் வேலியில் நின்று மற்றவருடைய ஆளைப் பகிடி பண்ணுவார்களாம்.

அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் என் முறைப்பாடு எனக்கே விளங்கியது. மரிக்காருக்குப் பிறகு யார்? நான் பார்த்த இத்தனை படங்களில், இத்தனை தொடர்களில், எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரி ஒருவராவது பேசினார்களா?

தமிழ்நாட்டுப் படங்களில் முஸ்லிம்கள் வராமல் இல்லை. வருகிறார்கள். பாய் பிரியாணிக் கடை வைத்திருப்பார். கதாநாயகனுக்கு ஆபத்தான நேரத்தில் உயிரைக் கொடுப்பார். அல்லது வட்டித் தமிழும் உருதுமாகக் கலந்து ‘நம்பள், நிம்பள்’ என்று எந்த ஊரிலும் இல்லாத ஒரு பாஷை பேசுவார். 1995இல் வந்த ‘பம்பாய்’ நல்ல படம், நான் மறுக்கவில்லை. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்துத் தகப்பனாக நடித்தவர் நாசர். முஸ்லிம் தகப்பன் பஷீராக நடித்தவர் கிட்டி. மரிக்காரும் ஐயரும் மாறி நடித்த மாதிரி! ஆனால் ராமதாஸ் எங்கள் தமிழைக் காது கொடுத்துக் கேட்டுப் பேசினார். பஷீர் பேசுகிற தமிழில் நான் அப்படி ஒரு வீட்டையும் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடம் கழித்து 2023இல் ‘ஃபர்ஹானா’ வந்தபோது முஸ்லிம் தகப்பனாக மறுபடியும் கிட்டிதான்.

‘ஃபர்ஹானா’வை நான் மிகவும் எதிர்பார்த்திருந்தேன். முதல் முறையாக எங்களைப் போல ஒரு பெண் கதையின் நடுவில் நிற்கிறாள். தமிழ்நாட்டில் படத்துக்குச் சில முஸ்லிம் அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பும் வந்தது. என் அபிப்பிராயம் இதுதான்: வேலைக்குப் போகத் தகப்பன் தடுக்கிறார், கணவன் மனைவி பக்கம் நிற்கிறான். அந்தப் பகுதி மிச்சம் நல்லம். நிறைய வீடுகளில் நடக்கிறது. ஐஸ்வர்யா ராஜேஷும் நன்றாக நடித்திருக்கிறார். அதற்குப் பிறகு தொலைபேசியில் ஒரு ஆள் வந்து மிரட்டத் தொடங்க, அந்த வீட்டை விட்டுவிட்டு எங்கோ ஒரு திகில் படத்துக்குள் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் போல இருந்தது.

‘மாநாடு’ அதைவிடச் சந்தோஷம் தந்தது. 2021இல் வந்த படம். சிம்புவின் பெயர் அப்துல் காலிக். ஒரே நாள் திரும்பத் திரும்ப நடக்கும். ஒரு முஸ்லிம் பையன் மேல் பழி போட நடக்கிற சதியை ஒவ்வொரு தடவையும் செத்துச் செத்துத் தடுப்பான். எஸ்.ஜே. சூர்யாவுக்காகவே மூன்று தடவை பார்க்கலாம். ஆனால் அந்த காலிக்கும் உஜ்ஜைனில் ஒரு கோயிலில் பிறந்தவன் என்று ஒரு காட்சி வரும்போது நாநா என்னைப் பார்த்தான், நான் நாநாவைப் பார்த்தேன். “ரஹீமுட தம்பி” என்றான்.

மற்ற வகைப் படங்களைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. தாடி, துப்பாக்கி, ஒரு மேசையில் வரைபடம். ‘ரோஜா’விலிருந்து ‘துப்பாக்கி’, ‘பீஸ்ட்’ வரைக்கும் பார்த்தாயிற்று. ‘பீஸ்ட்’டில் விஜயின் நடனம் நல்லம், கதை அந்த நடனம் முடிந்ததும் முடிந்துவிடுகிறது. ஆனால் இந்தப் படங்களைப் பார்க்கும்போது எங்கள் வீட்டில் நடக்கிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தாடிக்காரர்கள் அரபியில் சத்தம் போடும் காட்சி வந்தால் உம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைப்பார். எங்கள் தொடர்மாடியில் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் எத்தனை என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் ரீவியில் என்ன சத்தம் என்று அவர்களுக்கும் தெரியும். “அவங்க என்னத்த நினைப்பாங்க” என்று உம்மா சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு சொல்லாமலே குறைக்கிறார்.

அது 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பழக்கம்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏப்ரல் 21 ஞாயிற்றுக்கிழமை காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது உம்மம்மா வீட்டுக் கண்ணாடி அதிர்ந்ததாம். நடந்தே போகிற தூரம். செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவர்களும் வரிசையில் நிற்கிற கோயில். உம்மம்மாவின் பக்கத்து வீட்டு ஆன்டி கத்தோலிக்கர். அன்றைக்கு அவர் வேறு பூசைக்குப் போனதால் தப்பினார். அவருடைய சொந்தத்தில் ஒருவர் தப்பவில்லை.

உம்மம்மாவுக்கும் ஆன்டிக்கும் இருபது வருடப் பழக்கம். பெரிய ரீவி ஆன்டி வீட்டில்தான் இருந்தது. ஒவ்வொரு இரவும் உம்மம்மா சாப்பிட்டுவிட்டு ஒரு முக்காட்டைப் போட்டுக்கொண்டு அங்கே போய்விடுவார். அந்த ஞாயிறுக்குப் பிறகு போகவில்லை. ஆன்டியும் வரவில்லை. கோபம் இல்லை. இரண்டு பேருக்கும் மற்றவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. நோன்பு வந்தது. கஞ்சியை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல் உம்மம்மா கோப்பையை மூடி வைத்துவிட்டு நின்றார். கடைசியில் அதை நாங்களே குடித்தோம். பெருநாளும் அப்படியே போனது.

ஜூன் 23ஆந் திகதி ‘பிக் பாஸ்’ மூன்றாவது பருவம் தொடங்கியது. அந்த வருடம் இலங்கையிலிருந்து இருவர் போயிருந்தார்கள், லொஸ்லியாவும் தர்ஷனும். லொஸ்லியா சக்தி தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். நாங்கள் தினமும் பார்த்த முகம். ஒழுங்கை முழுவதும் அதே பேச்சு. அன்றிரவு நானும் உம்மம்மாவும் உள்ளே இருந்தோம். கதவு தட்டிய சத்தம். ஆன்டி.

“உம்மா, தொடங்கப் போகுது. என்ன இன்னும் உள்ளேயே இருக்கிறீங்க?”

அவ்வளவுதான். உம்மம்மா முக்காட்டைத் தேடினார். கை நடுங்கியதால் பின் குத்த முடியவில்லை. நான்தான் குத்திவிட்டேன். ஆன்டி வீட்டில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் ஒருவருக்கொருவர் ஏசிக்கொள்வதைப் பேசாமல் பார்த்தார்கள். ‘பிக் பாஸ்’ ஒரு வெட்டி நிகழ்ச்சி என்று வாப்பா சொல்வார். அது சரிதான். நூறு நாள் ஒரு வீட்டுக்குள் யார் பாத்திரம் கழுவுவது என்று சண்டை பிடிப்பதைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? ஆனாலும் அந்த நிகழ்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆன்டி உம்மம்மாவை ‘உம்மா’ என்றுதான் கூப்பிட்டார். ஒழுங்கையில் எல்லோருமே அப்படித்தான். மீன்காரர், தபால்காரர், யாழ்ப்பாணத்து மாஸ்டரின் பேரப் பிள்ளைகள், எல்லோருக்கும் அவர் உம்மா. நான் அந்தச் சொல்லை என்ன செய்தேன் என்பதை இனிச் சொல்ல வேண்டும்.

சாதாரண தரப் பரீட்சைக்காக வெள்ளவத்தையில் ஒரு கணித வகுப்புக்குப் போனேன். அந்த வகுப்பில் முஸ்லிம் பிள்ளை நான் மட்டும். முதல் மாதத்திலேயே ஒரு சனிக்கிழமை வர முடியாமல் போனது. ஏன் வரவில்லை என்று கேட்டபோது, “தாத்தாக்குக் கல்யாணம்” என்றேன்.

வகுப்பே சிரித்தது. எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்கட தாத்தாக்கு எத்தனை வயசு?” என்று கேட்டாள். “இருபத்தி மூணு” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். எங்களுக்குத் தாத்தா என்றால் மூத்த சகோதரி. அப்பா என்றால் உம்மாவின் வாப்பா. அவர்களுக்குத் தாத்தாதான் கிழவர். விளக்கம் சொன்ன பிறகு அவர்களும் நல்லபடியாகத்தான் எடுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு சொல்லையும் ஒரு தடவை பார்த்தேன். ‘செல்றேன்’ வருமிடத்தில் ‘சொல்றேன்’. ‘ஈக்கிது’ வருமிடத்தில் ‘இருக்கு’. எங்கிருந்து படித்தேன் என்றால் ரீவியிலிருந்துதான். இத்தனை வருடம் பார்த்ததற்கு ஒரு பலன்! சில மாதங்களில் ஒரு சென்னைத் தொகுப்பாளினி போலவே பேசத் தொடங்கிவிட்டேன்.

ஒரு நாள் மேசையில் வைத்திருந்த என் போன் ஒளிர்ந்தது. திரையில் ‘உம்மா’ என்று விழுந்தது. பின் வரிசையில் யாரோ உதட்டால் ஒரு சத்தம் செய்தாள். இந்தியப் படங்களில் ‘உம்மா’ என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அவள் கெட்ட பிள்ளை இல்லை. பகிடிக்குத்தான் செய்தாள். நான் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில், காலி வீதியில் சவோய் தியேட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, போனில் அந்தப் பெயரை ‘அம்மா’ என்று மாற்றினேன்.

அடுத்த விடுமுறையில் உம்மம்மா எங்களோடு வந்து தங்கினார். நாநா ஒரு நாள் தன்னுடைய மடிக்கணினியை ரீவியில் பொருத்தி ‘உஸ்தாத் ஹோட்டல்’ போட்டான். 2012இல் வந்த மலையாளப் படம். கோழிக்கோட்டில் கடற்கரையில் ஒரு பழைய ஹோட்டல், ஒரு பாட்டன், ஒரு பேரன். திலகனும் துல்கர் சல்மானும். பேரனுக்குச் சமையல்காரனாக வேண்டும், தகப்பனுக்கு அது கௌரவக் குறைச்சல். பாட்டன் பேரனுக்கு ‘சுலைமானி’ ஊற்றிக் கொடுப்பார். வேறொன்றும் இல்லை, எங்கள் பிளேன்டிதான். ஆனால் அவர் ஊற்றுகிற விதத்தைப் பார்த்தால் உடனே எழுந்து போய்த் தண்ணீர் கொதிக்க வைக்கத் தோன்றும். பிரியாணியை இவ்வளவு மரியாதையாகக் காட்டிய படத்தை நான் வேறு பார்த்ததில்லை.

கீழே ஆங்கில வரிகள் ஓடின. உம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பத்து நிமிடத்தில் என் கையைப் பிடித்து அமுக்கினார்.

“நீங்க சும்மா இரிங்க புள்ள. எனக்கு வெளங்குது.”

உண்மையாகவே விளங்கியது. பேரன் பாட்டனை ‘உப்பூப்பா’ என்று கூப்பிட்டபோது சிரித்தார். ‘உம்மா’ என்ற சொல் வந்தபோது, சமையலறையில் நின்ற என் உம்மா “என்ன?” என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். தன்னைத்தான் யாரோ கூப்பிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். ரீவி கூப்பிட்டது என்று தெரிந்ததும் கையில் அகப்பையோடு அப்படியே நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

அடுத்த நாள் அவர்களே கேட்டார்கள் என்று ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ போட்டோம். 2018இல் வந்தது. மலப்புறத்தில் கால்பந்து விளையாட வந்த ஒரு நைஜீரியப் பையன் அடிபட்டு ஒரு ஏழை வீட்டில் படுக்கையில் கிடப்பான். அந்த வீட்டு உம்மாவும் பக்கத்து வீட்டு மூதாட்டியும் அவனுடைய பாஷை ஒரு சொல்லும் தெரியாமல் அவனைப் பார்த்துக்கொள்வார்கள். அந்த இரண்டு பெண்களையும் நான் கொட்டாஞ்சேனையில் பார்த்திருக்கிறேன். அப்படியே அந்த முக்காடு, அப்படியே அந்த நடை, விருந்தாளி சாப்பிடாவிட்டால் அப்படியே அந்தக் கவலை. அந்த உம்மாவின் இரண்டாவது கணவரோடு மகன் முகம் கொடுத்துப் பேச மாட்டான். அவர் பாவம், மகன் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து வெளியே போய்விடுவார். அதில் ஒருவரும் யாரையும் அடிக்கவில்லை, ஒருவருடைய கையிலும் துப்பாக்கி இல்லை. உம்மாவும் உம்மம்மாவும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல் வந்தது. எங்களுடைய வீட்டைப் பார்க்க எங்களுக்கு இன்னொரு பாஷைப் படம் தேவைப்படுகிறதே.

அந்த எரிச்சலை வகுப்புத் தோழியிடம் சொன்னேன். தாத்தாவின் வயதைக் கேட்டாளே, அவள்தான். இப்போது உயர்தரத்துக்கும் ஒரே ரியூஷன், ஒரே மேசை. அவளுடைய ஊர் யாழ்ப்பாணம். “உங்களுக்கென்ன, ‘தெனாலி’ல கமலே உங்கட தமிழ் பேசுறாரே” என்றேன். 2000இல் வந்த படம். எங்கள் அப்துல் ஹமீடும் அதில் ஓரிடத்தில் வருவார்.

“அது எங்கட தமிழோ?” என்று அவள் கேட்டாள். “பயந்தாங்கொள்ளியப் பார்த்துச் சிரிக்கத்தான் அந்தத் தமிழ். என்ர அம்மா அந்தப் படத்தைப் போட்டா எழும்பிப் போயிடுவா.”

எனக்கு இது புதிது. நான் ‘தெனாலி’யைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள்.

2025 மே மாதம் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தபோது அவளும் அவளுடைய அம்மாவும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று படகில் இராமேஸ்வரம் போய், சென்னையில் ஒரு குடியிருப்பில் ஒளிந்து வாழ்கிற கதை. சசிகுமாரும் சிம்ரனும். முதல் படம் எடுக்கும் இயக்குநர் என்று நம்ப முடியாது. பேச்சு அங்கங்கே பிசகுகிறது என்று தோழி காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் ஒரு இடத்தில் பேசாமல் இருந்துவிட்டாள். அந்தக் குடும்பத்துக்கு உறவினர் ஒருவர் புத்தி சொல்வார்: நீங்கள் யார் என்று தெரியக்கூடாது, வெளியில் உங்கள் தமிழைப் பேசாதீர்கள் என்று. தியேட்டரில் எல்லோரும் அந்தக் காட்சிக்குச் சிரித்தார்கள். அது சிரிப்புக் காட்சிதான். தோழியின் அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. என்னுடைய கைப்பைக்குள் என் போன் இருந்தது.

அன்றிரவு வீட்டுக்கு வந்து போனை எங்கோ வைத்துவிட்டேன். எல்லா இடமும் தேடியும் காணவில்லை. “இரிங்க, நான் எடுத்துப் பார்க்கிறேன்” என்று உம்மா தன்னுடைய போனிலிருந்து அழைத்தார். மணி கதிரை மெத்தைக்கு அடியிலிருந்து கேட்டது. நான் அறையிலிருந்து ஓடி வருவதற்குள் உம்மா அதை எடுத்துவிட்டார். ஒரு கையில் அவருடைய போன், மறு கையில் என்னுடையது. திரையில் ‘அம்மா’ என்று ஒளிர்ந்துகொண்டிருந்தது.

“இது யாரு புள்ள?” என்று கேட்டார்.

நான் பேசவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. உம்மா தன்னுடைய போனில் அழைப்பைத் துண்டித்தார். என்னுடைய திரையும் அணைந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்ல பேருதான்” என்று சொல்லி என் கையில் தந்துவிட்டு, அடுப்பில் எதையோ பார்க்கப் போய்விட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு இரவு நான் சாப்பிடும் வரைக்கும் பக்கத்தில் நின்றார், வழக்கம் போல. இன்னும் கொஞ்சம் ஆணத்தை ஊற்றினார், வழக்கம் போல.

பெயரை அன்றிரவே மாற்றிவிட்டேன். அதை உம்மாவிடம் போய்க் காட்ட வெட்கமாக இருந்தது. காட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து வகுப்பில் இருந்தபோது மேசையில் போன் நடுங்கியது. நான் பின்பக்கம் திரும்பி யாருடனோ பேசிக்கொண்டிருந்தேன். தோழி முழங்கையால் இடித்தாள்.

“உங்கட உம்மா எடுக்கிறா. எடும்.”

எடுத்தேன். வரும்போது வெள்ளவத்தைச் சந்தையில் கொத்தமல்லி இலை ஒரு கட்டு வாங்கி வரச் சொன்னார். போன தடவை போல வாடினதை வாங்காமல், பார்த்து வாங்கச் சொன்னார். “சரி உம்மா” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. ஆசிரியர் கரும்பலகையிலிருந்து திரும்பிப் பார்த்தார்.